ஹாரனும் டேஷ்கேமும் என் கையால், கேமராவும் சீட் கவரும் டீலரிடம்

புதுக் காருக்கு முன்பணம் கட்டியதுமே டீலர் ஆக்சஸரீஸ் பட்டியல் ஒன்றைக் கொடுப்பார். மேட், மட் ஃபிளாப், டோர் வைசர் (ஜன்னலின் மேல் ஓரத்தில் ஒட்டும் மழைத் தடுப்பு), சீட் கவர், ரிவர்ஸ் கேமரா, ஹாரன், டேஷ்கேம் (முன்கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் பதிவு செய்யும் கேமரா) என்று தொடங்கி ஸ்டியரிங் கவர், வாசனைப் புட்டி வரைக்கும் அதில் இருக்கும். பாதியை ‘பேசிக் கிட்’ என்று ஒரே கட்டாகக் கட்டிவிட்டு, “எல்லாரும் எடுத்துக்குறாங்க சார், இது கம்பல்சரி” என்பார்கள். கம்பல்சரி எல்லாம் கிடையாது. அதையே எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் வீட்டு ஹேட்ச்பேக்குக்கு வந்த பட்டியல் முப்பதாயிரத்தைத் தொட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எதிரே இரண்டே கேள்விகளை எழுதினேன். இதைப் பொருத்த, கம்பெனி போட்டு அனுப்பிய ஒயரை வெட்ட வேண்டியிருக்குமா? ஏர்பேக் இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டியிருக்குமா? விலையைப் பிறகுதான் பார்த்தேன். ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் என்பதற்காக வேலையை நாமே எடுத்துக்கொள்வதும், பயத்தில் எல்லாவற்றையும் டீலரிடம் தள்ளிவிடுவதும் ஒரே மாதிரித் தவறான கணக்கு என்றே நினைக்கிறேன். இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் அது நம் வேலை. ‘ஆமாம்’ என்று வந்தால் நின்று யோசிக்க வேண்டிய வேலை.

மேட்டும் மட் ஃபிளாப்பும் பேச்சுக்கே இடமில்லாதவை. மட் ஃபிளாப்புக்குப் பெரும்பாலான கார்களில் வீல் ஆர்ச்சில் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூவே போதும். அதைக் கழற்றி, ஃபிளாப்பை வைத்து, திரும்ப முடுக்க வேண்டியதுதான். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவைத்துக்கொண்டால் கை நுழைய இடம் கிடைக்கும். முடித்தபின் இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் உரசுகிறதா என்று பாருங்கள். கூடுதல் பிடிப்புக்கு என்று சொல்லி யாராவது பாடியில் டிரில் போட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடலுக்கு அருகே வாழ்கிறவர்களுக்குப் பெயின்ட் உடைந்த ஒரு துளை போதும், துரு அங்கிருந்தே கிளம்பும்.

டோர் வைசரில் எல்லாமே ஒட்டும் டேப்பில்தான் இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஃபிரேமைத் துடைத்து, காய்ந்தபின் ஒட்டி, நீளம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்த வகை அக்ரிலிக் ஃபோம் டேப் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதப் பிடிப்பை எட்டும். முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். டெலிவரி நாளன்று காலையில் ஒட்டி, மதியம் வாட்டர் வாஷ் செய்து, மாலையில் சாவி கொடுக்கிறார்கள் அல்லவா, அப்படி ஒட்டிய வைசர்தான் முதல் மழைக்காலத்தில் ஓரம் தூக்குகிறது. வீட்டில் ஒட்டினால் வண்டியை மூன்று நாள் நனையாமல் நிறுத்திவைக்க முடியும். டீலர் ஷோரூமில் அந்த மூன்று நாள் கிடைக்காது.

சாமான் வாங்க

சென்னையில் இருப்பவர்களுக்கு இது எளிது. கார் ஆக்சஸரீஸுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மல்டிமீட்டர், கிரிம்பிங் பிளையர், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், லக் (ஒயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோகத் துண்டு) எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு. கம்பெனி கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்) ஏதாவது பழையதாகத் தேவைப்பட்டால் புதுப்பேட்டை. மூன்றும் அண்ணா சாலையை ஒட்டியவை, ஒரே சுற்றில் முடிந்துவிடும்.

நான் வாங்கியதில் மிகவும் உதவிய பொருள், டேஷ்போர்டு வயரிங்கில் கம்பெனியே சுற்றியிருக்குமே, அந்தக் கறுப்புத் துணி டேப். வீட்டு வயரிங்குக்குச் சுற்றும் பளபளப்பான இன்சுலேஷன் டேப்பை மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் சுற்றினால், பசை உருகி வழிந்து, டேப் தானாகக் கழன்றுவிடும். பழைய கார்களின் டேஷ்போர்டுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு தெரியும். துணி டேப் அப்படி ஆகாது. ஒயர் பிளாஸ்டிக்கில் உரசி எழுப்பும் கிறீச் சத்தத்தையும் அடக்கிவிடும். அப்புறம், டிரிம் (உள்பக்க பிளாஸ்டிக் மூடி) கழற்ற பிளாஸ்டிக் நெம்புகோல் செட். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் டிரிம்மின் ஓரத்தில் விழும் வடு வண்டியை விற்கும் வரை அப்படியே இருக்கும்.

ஹாரன்

எங்கள் காரில் கம்பெனி கொடுத்தது ஒற்றை டிஸ்க் ஹாரன். நெடுஞ்சாலையில் பேருந்துக்குப் பின்னால் போகும்போது அது போதவில்லை. கோயம்புத்தூர் ரூட்ஸ் கம்பெனியின் விண்ட்டோன் வகை ஹாரன் ஜோடி ஒன்றை வாங்கினேன். ஒன்று லோ டோன், மற்றொன்று ஹை டோன். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் அதிகமாகிறது என்பதைவிட, செவிக்கு முழுமையாக விழுகிறது என்பதே சரி. இதற்கு மேல் ஏர் ஹாரன், பல ராகம் பாடும் ஹாரன் என்று போவதை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடுக்கிறது. தடுப்பதும் நியாயம்தான்.

டீலர் சொன்ன விலையில் பொருளும் பொருத்துகூலியும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு. எனக்கு ஹாரன், ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் ஸ்விட்ச்) வயரிங் செட் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. மிச்சம் ஆயிரம். அந்த ஆயிரத்துக்காக மட்டும் இதைச் செய்ததாக நினைக்க வேண்டாம். “ரிலே போடுவீர்களா?” என்று கேட்டபோது, “தேவையில்லை சார், டைரக்டா கப்ளர்லேயே குடுத்துடுவோம்” என்ற பதில் வந்தது. அதைக் கேட்டுத்தான் முடிவெடுத்தேன்.

ரிலே ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் செய்கிறவர்களும் இதைத்தான் அதிகம் தவிர்க்கிறார்கள். கம்பெனி ஹாரன் ஒயர் ஒரு ஹாரன் இழுக்கும் கரன்ட்டுக்குக் கணக்குப் போட்டுப் போட்டது. விண்ட்டோன் ஒன்று ஏறத்தாழ 5 ஆம்பியர் எடுக்கும், ஜோடியாக 10 ஆகிவிடும். அதே மெல்லிய ஒயரில் இரண்டையும் தொங்கவிட்டால் ஃபியூஸ் போகலாம். போகாவிட்டால் ஒயரும் ஸ்விட்ச் பக்கமும் சூடாகும். வோல்ட்டேஜும் வழியிலேயே இறங்கிவிடுவதால் புது ஹாரன் அதன் முழுச் சத்தத்தைத் தராது.

ரிலே வைத்தால், பழைய ஹாரன் கப்ளரில் வரும் கரன்ட் ரிலேயின் காயிலை மட்டும் தூண்டும். அதற்கு 0.2 ஆம்பியர் அளவே போதும். ஹாரனுக்கான 10 ஆம்பியர் பேட்டரியிலிருந்து தனி ஒயரில் நேராக வரும். ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 85, 86 இரண்டும் காயில். பழைய கப்ளரின் இரண்டு ஒயரும் இங்கே. 30-க்கு பேட்டரி பாசிட்டிவ். 87-லிருந்து இரண்டு ஹாரனுக்கும். ஹாரன்களின் அடுத்த முனை பாடி எர்த்துக்கு. பழைய கப்ளரில் ஒரே ஒயர்தான் வருகிறது என்றால் காயிலின் மறு முனையை எர்த்தில் கொடுக்க வேண்டும். அந்த ஒரு ஒயரில் வருவது பாசிட்டிவ்தானா என்று மட்டும் டெஸ்ட் லாம்ப் வைத்து, இன்னொருவரை ஹாரன் அழுத்தச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி ஒயரை எங்கும் வெட்டவில்லை. ரிலே செட்டுடன் வரும் ஆண் கப்ளர், காரின் பழைய ஹாரன் கப்ளருக்குள் ‘டிக்’ என்று உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு வேண்டாம் என்றால் பிடுங்கிவிட்டுப் பழைய ஹாரனைச் சொருகலாம்.

கடையில் கிடைக்கும் ரிலே செட்டில் ஒன்றைக் கவனியுங்கள். ஃபியூஸ் ஹோல்டரை ரிலேக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், பேட்டரியிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி. அந்த இரண்டு மூன்று அடி ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அது எங்காவது இரும்பில் உரசித் தோல் உரிந்தால், பேட்டரி தன்னிடம் உள்ள நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் அதில் கொட்டும். தீப்பிடிப்பது இப்படித்தான். நான் ஹோல்டரை வெட்டி எடுத்து, பேட்டரி டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மாற்றினேன். உள்ளே 15 ஆம்பியர் நீல ஃபியூஸ். செட்டில் வந்தது 30 ஆம்பியர் பச்சை. அதை வைத்திருந்தால் ஒயர் சூடாகிப் புகைந்த பிறகும் ஃபியூஸ் போகாமல் இருக்கும். பேட்டரியிலிருந்து ரிலேவரை 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டேன். சுருள் ஸ்லீவுக்குள் விட்டு, கம்பெனி ஹார்னெஸ் (ஒயர்க்கட்டு) போகும் வழியிலேயே கட்டினேன். ரேடியேட்டர் ஃபேன் பக்கம் போகவில்லை.

எர்த் கொடுக்கும் இடமும் முக்கியம். கண்ணில் படும் ஏதோ ஒரு போல்ட்டில் லக்கை மாட்டினால் போதாது. அடியில் பெயின்ட் இருந்தால் தொடர்பு சரியாக இருக்காது. கம்பெனியே எர்த் கொடுத்திருக்கும் போல்ட்டைத் தேடிப் பிடித்து, அதில் பல் வாஷரோடு மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். உப்புக் காற்றுக்கு அது நல்லது.

ஹாரன்களின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி, ஒரே பருவத்தில் தொண்டை கட்டிவிடும். கிரில்லுக்குப் பின்னால் இடம் குறைவாக இருந்ததால் பிராக்கெட்டைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. முடித்தபின் ஹாரனை அழுத்தியபடியே அதன் முனைகளில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரியில் 12.3 வோல்ட், ஹாரனில் 12.0. இந்த அளவு வித்தியாசம் இருந்தால் வயரிங் சரி. ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எங்கோ ஒரு லக் சரியாக நசுங்கவில்லை என்று அர்த்தம்.

டேஷ்கேம்

இதில்தான் இரண்டாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தது. கேமரா உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டும். ஒயர் கூரை ஓரமாகப் போய், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ பில்லர் வழியாக இறங்கி, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்குப் போக வேண்டும். காரில் ஆறு ஏர்பேக். பக்க ஜன்னல்களை மூடியபடி விரியும் கர்ட்டன் ஏர்பேக் கூரை ஓரமாக மடித்துவைக்கப்பட்டு, முன்முனை ஏ பில்லர் டிரிம்முக்குள் இறங்கியிருக்கிறது. ஆகவே இதை டீலரிடமே விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

மனம் மாறியதற்குக் காரணம் மச்சானின் கார். வேறொரு டீலரிடம் காசு கொடுத்து டேஷ்கேம் போட்டிருந்தார். பில்லர் ஓரமாக ஒயர் கொஞ்சம் பிதுங்கி நின்றது. “சரி பண்ணித் தாங்க மாப்ளே” என்றார். டிரிம்மை விலக்கிப் பார்த்தால், ஒயர் ஏர்பேக் பைக்கு முன்பக்கமாக, குறுக்கே போயிருந்தது. அந்தப் பை விரிய எடுத்துக்கொள்வது கண் சிமிட்டும் நேரத்திலும் குறைவு. அதன் வழியில் ஒயர் குறுக்கே கிடந்தால் பை விரியும் விதம் மாறலாம், ஒயரும் பிளாஸ்டிக்கும் முகத்தை நோக்கி வரலாம். ஃபியூஸ் பெட்டிப் பக்கத்தில் கம்பெனி ஒயர் ஒன்றில் ஸ்காட்ச்லாக் கிளிப் கடித்திருந்தது. அந்தக் கிளிப்பின் தகடு ஒயரின் தோலைக் கிழித்து உள்ளே இறங்கும், சில இழைகளையும் அறுத்துவிடும். வண்டி அதிர அதிர பிடிப்பு தளரும். பில்லில் என்னவோ ‘ஃபிட்மென்ட் சார்ஜஸ்’ என்று அழகாக அச்சடித்திருந்தது.

அந்த டீலரின் டெக்னீஷியன் இதைச் செய்யவில்லை என்பது விசாரித்தபோது தெரிந்தது. ஆக்சஸரீஸ் பிரிவை வெளியாள் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். பல இடங்களில் இதுதான் ஏற்பாடு. பொருத்துகிற பையன் ஒரு நாளில் எத்தனை வண்டி முடிக்கிறானோ அத்தனைக்குத்தான் காசு. டிரிம்மைக் கழற்றி, ஏர்பேக்குக்குப் பின்னால் ஒயரைக் கொண்டுபோய்க் கட்ட அவனுக்கு நேரம் எங்கே இருக்கிறது? அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நேரம் என்னிடம் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, செய்த விதம். சாவியை எடுத்துவிட்டு, 10 எம்.எம். ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேனுவலில் ஏர்பேக்குக்கு என்று சொல்லியிருக்கும் நேரம் கடக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துவிட்டு, பில்லர் டிரிம்மின் மேல்முனையை நெம்பினேன். அது ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் வந்து நிற்கும். அங்கே பலம் காட்டக் கூடாது. ஏர்பேக் விரியும்போது டிரிம் பிய்ந்து பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வதற்கென்று உள்ளே ஒரு டெதர் கிளிப் இருக்கிறது. நாக்கு மாதிரி நீண்ட பிளாஸ்டிக் துண்டு. மூக்கு பிளையரால் அதன் தலையைக் கால் திருப்பு திருப்பினால் கழன்று வரும். பல கார்களில் ஒருமுறை கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடக் கூடாது. புதுசு பார்ட்ஸ் கவுன்டரில் கிடைக்கும், ஐம்பது நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. வேலை தொடங்கும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிம்மை எடுத்ததும் மடித்த பை கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பின்னால், பாடித் தகட்டை ஒட்டி, கம்பெனியின் சொந்த ஒயர்க்கட்டு இறங்குவதும் தெரியும். நம் ஒயர் அந்தக் கட்டோடு சேர்ந்து, பைக்குப் பின்னால் இறங்க வேண்டும். ஓர் அடிக்கு இரண்டு இடத்தில் துணி டேப் சுற்று. மஞ்சள் நிறக் கப்ளர் எதையும் தொடவே கூடாது, அது ஏர்பேக் லைன். பையைக் கண்ணால் பார்க்க முடியாத காரிலோ, டிரிம் எப்படிக் கழல்கிறது என்று உறுதியாகத் தெரியாத காரிலோ இந்த வேலையில் இறங்க வேண்டாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து ஒயரை வெளியே தெரியும்படி விடுவது பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் யாருக்கும் அடிபடாது.

ஃபியூஸ் பெட்டியில் ஸ்காட்ச்லாக்குக்குப் பதில் ஃபியூஸ் டேப் (fuse tap, ஒரு ஃபியூஸ் இடத்திலிருந்து இன்னொரு இணைப்பு எடுக்கும் சொருகி; ஒட்டும் டேப் அல்ல) போட்டேன். ஏற்கெனவே இருக்கும் ஃபியூஸை உருவி, அந்த இடத்தில் டேப்பைச் சொருகி, பழைய ஃபியூஸையும் புது ஃபியூஸையும் அதன் மேல் சொருக வேண்டும். ஒயர் எதையும் வெட்ட வேண்டியதில்லை. பவர் சாக்கெட்டின் ஃபியூஸைத் தேர்ந்தெடுத்தேன், சாவி போட்டால்தான் அதில் கரன்ட் வரும். ஏர்பேக், ஏ.பி.எஸ்., பவர் ஸ்டியரிங், இன்ஜின் கன்ட்ரோல் ஆகியவற்றின் ஃபியூஸ்கள் பக்கமே போகக் கூடாது.

ஃபியூஸ் டேப்புக்கு இரண்டு கால். எந்தக் கால் பெட்டியின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம். டேப்பில் புது ஃபியூஸை மட்டும் சொருகுங்கள், பழைய ஃபியூஸ் இடம் காலியாக இருக்கட்டும். மல்டிமீட்டரை பீப் மோடில் வைத்து, ஒரு முனையை டேப்பின் ஒயரிலும் மறுமுனையை ஒவ்வொரு காலிலும் தொடுங்கள். எந்தக் காலில் பீப் அடிக்கிறதோ அதுதான் பொதுக்கால். இனி பேட்டரியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சாவி போட்டு, காரின் ஃபியூஸ் பெட்டியில் அந்தக் காலி இடத்தின் இரண்டு பிளவில் எதில் டெஸ்ட் லாம்ப் எரிகிறது என்று பாருங்கள். எரிகிற பிளவில் பொதுக்கால். அப்போதுதான் இரண்டு சர்க்யூட்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் பாதுகாப்பு. மாற்றிச் சொருகினாலும் கேமரா வேலை செய்யும் என்பதால்தான் பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் அப்போது புது சர்க்யூட்டின் சுமையும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். டேஷ்கேம் அரை ஆம்பியருக்கு மேல் எடுக்காது, ஆகவே 3 ஆம்பியர் ஊதா ஃபியூஸே தாராளம்.

கேமராவை ஃபியூஸ் பெட்டியோடு இணைக்கும் ஹார்டுவயர் கிட்டில் மூன்று ஒயர் வரும். கறுப்பு எர்த், சிவப்பு சாவி போட்டால் வரும் கரன்ட், மஞ்சள் எப்போதும் இருக்கும் கரன்ட். மஞ்சள் இருப்பது பார்க்கிங் மோடுக்காக, அதாவது வண்டி நிற்கும்போதும் கேமரா விழித்திருப்பதற்காக. அதற்கு முன் ஒரு கணக்கு. பார்க்கிங் மோடில் கேமரா 0.3 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் ஹவர். சின்னக் கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர் ஹவர். வெள்ளி இரவு நிறுத்தி திங்கள் காலை எடுத்தால் பாதி காலியாகியிருக்கும், ஸ்டார்ட் ஆவதே சந்தேகம். கிட்டில் லோ வோல்ட்டேஜ் கட் ஆஃப் இருக்கிறதுதான், ஆனாலும் அடிக்கடி பாதிவரை இறங்கி ஏறும் ஸ்டார்ட்டர் பேட்டரி சீக்கிரமே ஆயுளை முடித்துக்கொள்ளும். எங்கள் கார் வாரத்தில் சில நாள் நகர்வதே இல்லை. அதனால் மஞ்சளையும் சிவப்போடு சேர்த்தே கொடுத்துவிட்டேன். தினமும் நீண்ட தூரம் ஓடும் வண்டி என்றால் பார்க்கிங் மோடு வைத்துக்கொள்ளலாம்.

கேமரா வாங்கும்போது ஒன்று: லித்தியம் பேட்டரி உள்ளதை விட்டுவிட்டு, சூப்பர் கெபாசிட்டர் உள்ளதை வாங்குங்கள். மே மாதத்தில் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பிவிடும்.

டீலரிடம் விட்டவை

ரிவர்ஸ் சென்சார் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் கட்டாயம் என்பதால் அது வண்டியோடே வந்துவிட்டது. ரிவர்ஸ் கேமரா மட்டும் வேண்டும். கம்பெனியின் சொந்தக் கேமரா, சொந்த ஹார்னெஸ், ஸ்கிரீனுக்குப் பின்னால் அதற்கென்றே இருக்கும் கப்ளர். ஒயரை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் ஸ்கிரீனை வெளியே எடுக்க வேண்டும், டிக்கிக் கதவின் ரப்பர் குழாய்க்குள் ஒயரை நுழைக்க வேண்டும், செட்டிங்கில் கேமராவை இயக்கிவிட வேண்டும். டிக்கிக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர் மடங்கி நிமிரும். அவசர வேலையில் அதை ரப்பர் குழாய்க்கு வெளியே, கதவு பீடிங்கின் ஓரமாக விட்டுவிடுவார்கள். கதவு அதை நசுக்கும், மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே டிக்கிக்குள் இறங்கும். ஸ்கிரீனுக்கு ஏதாவது ஆனால் வாரன்ட்டிப் பேச்சு வேறு. பிறர் பொறுப்பில் இருக்க வேண்டிய வேலை என்று தோன்றியது.

எங்கள் டீலரிடம் முன்கூட்டியே கேட்டவை இவை. பொருத்துவது உங்கள் டெக்னீஷியனா, வெளியாளா? கப்ளருக்குக் கப்ளரா, எங்காவது ஒயர் வெட்டுவீர்களா? பார்ட் நம்பரும் பொருத்துகூலியும் பில்லில் தனித்தனியாக வருமா? வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கலாமா? சர்வீஸ் அட்வைசர் கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் தயங்கிவிட்டு, “சரி, வாங்க சார்” என்றார். வேலை செய்தது சொந்த டெக்னீஷியன், இருபத்தைந்து வயது இருக்கும். ரப்பர் குழாயின் இரு முனையையும் கழற்றி, வயரிங் ஸ்பிரிங்கை உள்ளே விட்டு, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒயரை இழுத்தார். “இப்படி இழுத்தா ஒயர் தோல் உரியாதுண்ணா” என்றார். டிக்கி டிரிம்மை மூடும் முன் கதவை முழுக்கத் திறந்து மூடி, ஒயரில் இழுவை இருக்கிறதா என்று பார்த்தார். நான் கேட்காமலே செய்தார். கொடுத்த கூலியில் ஒரு ரூபாய்கூட அதிகம் என்று நினைக்கவில்லை.

சீட் கவரையும் முன் இருக்கைகளுக்கு மட்டும் டீலரிடம் போட்டேன். முன் சீட்டின் கதவுப் பக்க ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று சின்னத் துணி டேக் தொங்கும். அங்கே பை விரியும்போது கவர் கிழிந்து வழிவிட வேண்டும். அதற்காகவே அந்த ஓரத்தைச் சீக்கிரம் அறுந்துபோகும் நூலால் தைத்த கவர்தான் போட வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அளவெடுத்து ரெக்சின் தைக்கிறவர்களின் கைவேலை அருமையாக இருக்கும், பின்சீட்டுக்கு அங்கேதான் தைத்தேன். முன்சீட்டுக்குக் கேட்டபோது, “அந்தத் தையலும் டபுளா போட்டுத் தர்றேண்ணே, பத்து வருஷம் வரும்” என்றார் கடைக்காரர். அக்கறையோடுதான் சொன்னார், ஆனால் அந்த இடத்தில் பத்து வருஷம் வரக் கூடாது. பக்கவாட்டு ஏர்பேக் இல்லாத பழைய கார் என்றால் தாராளமாக அவரிடம் தைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் இருந்த முன்பக்க இரும்பு கார்டை (பம்பருக்கு முன்னால் மாட்டும் கம்பித் தடுப்பை) யாரிடமும் போடவில்லை. இடிக்கும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதியைத் தாண்டி, அது அடியை நேராகச் சேஸிஸுக்குக் கொண்டுபோகும். மோதியவர் நடந்து போகிறவர் என்றால் காயம் இன்னும் மோசமாகும். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இன்னும் விற்கிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது.

வாரன்ட்டியும் இன்ஷூரன்ஸும்

“வெளியில போட்டா வாரன்ட்டி போயிடும் சார்.” இந்த ஒரு வரியைச் சொல்லியே பாதி ஆக்சஸரீஸை விற்றுவிடுகிறார்கள். வாரன்ட்டிப் புத்தகத்தைப் பிரித்துப் படியுங்கள். பொதுவாக அதில் இருப்பது, வெளிப்பொருளாலோ மாற்றத்தாலோ உண்டான பழுதுக்குப் பொறுப்பில்லை என்பதுதான். நான் ஹாரன் மாற்றியதால் கியர்பாக்ஸ் வாரன்ட்டி போகாது. 2014 ஆகஸ்டில், 14 கார் கம்பெனிகள் மீதான வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் இதே அடிப்படையில்தான் சொன்னது: வெளியில் ரிப்பேர் பார்த்தார் என்பதற்காக வாரன்ட்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளி வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம். அந்த உத்தரவு பிறகு மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனால் ஒயரை வெட்டியிருந்தால் மின் பழுது எது வந்தாலும் பழி நம் மேல்தான் விழும், மறுத்து நிரூபிப்பதும் கஷ்டம். என் முதல் கேள்வி ஒயரைப் பற்றியதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் வேலை நடக்கும்போதே போட்டோ எடுத்து வைத்தேன். கப்ளர் இணைப்பு, ஃபியூஸின் இடம், பில்லருக்குள் ஒயர் போகும் வழி. டீலர் பொருத்தியதற்கு ஜாப் கார்டில் பார்ட் நம்பரோடு பதிவு இருக்கிறது, நான் பொருத்தியதற்கு இந்தப் போட்டோக்கள்.

இன்ஷூரன்ஸில், கார் விலையில் அடங்காத மின் பொருள்கள் தானாகக் கவராகிவிடாது. ஐ.எம்.டி. 24 என்ற எண்டார்ஸ்மென்ட்டில் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பிரிவில்) தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய டாரிஃப் கணக்குப்படி பொருளின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம், அதாவது பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு 400. ஹாரனுக்கு இது தேவையில்லை. கேமராவையும் டேஷ்கேமையும் ரினியூவலின்போது சேர்த்தேன். பில் கேட்டார்கள், இரண்டுக்கும் இருந்தது. பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்று கடையில் சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

பின் கதவு ஸ்பீக்கர் மட்டும் பாக்கி. ஸ்பீக்கரே பெரிய விஷயம் இல்லை, இடமும் கப்ளரும் காத்திருக்கின்றன. ஆனால் சில கார்களில் பக்கவாட்டு மோதலை அறியும் பிரஷர் சென்சார் கதவுக்குள் இருக்கும். கதவு நசுங்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறுவதை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. டிரிம்முக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிட்டு ஏனோதானோவென்று மூடினால், அந்த அழுத்தம் சரியாக ஏறாமல் போகலாம். முன்கதவில்தான் பெரும்பாலும் இருக்கும் என்கிறார்கள். எங்கள் காரில் எந்தக் கதவில் இருக்கிறது என்பதை அடுத்த சர்வீஸின்போது அந்த டெக்னீஷியனிடமே கேட்டுக்கொண்டு, பின்கதவில் இல்லை என்றால் நானே போடுவேன், இருந்தால் அவரிடம் விட்டுவிடுவேன்.